பத்து வருஷத்தில் எத்தனை கொடுப்பீர்கள்?

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. ஆனால் கோபத்தைவிடப் பெரிய வியாதி ஒன்று எனக்கு உண்டு. அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது, ஏன் அப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்குறைப்பு என்று ஒரு நாள் அனுப்பிவிட்டார்கள். சும்மா இருந்த நேரத்தில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டேன். அடுத்தவர் வீட்டில் போய் உட்கார்ந்து கதை கேட்கலாம், அதற்குச் சம்பளமும் உண்டு என்றால் கசக்குமா என்ன? அன்றைக்கே போய்ப் பெயர் கொடுத்துவிட்டேன்.

பயிற்சி கொடுத்த மேற்பார்வையாளர் என்னைவிடச் சின்னவள். மலாய்க்காரப் பெண், நிறையப் படித்தவள், பொறுமை அதிகம். முதல் நாளே லேப்டாப்பைத் திறந்து வேலையைக் காட்டினாள். திரையில் ஒரு பிள்ளை. படம் எல்லாம் இல்லை, வெறும் வாசகம்தான். அந்தப் பிள்ளைக்கு வயது பத்து. நடக்க இவ்வளவு கஷ்டம், குளிக்க உடுத்த இவ்வளவு கஷ்டம், பள்ளிக்கும் விளையாட்டுக்கும் இவ்வளவு தடை, வலி இவ்வளவு, கவலை இவ்வளவு என்று ஐந்து வரிகள் வரும். இந்த நிலையிலேயே அந்தப் பிள்ளை பத்து வருஷம் வாழும். அல்லது ஒரு நோவும் இல்லாமல் முழு ஆரோக்கியமாக, ஆனால் அதைவிடக் குறைந்த வருஷம் வாழும். இரண்டில் எது மேல் என்று பெரியவர்களைக் கேட்க வேண்டும். ஒன்பது வருஷம் என்றால்? எட்டு என்றால்? இரண்டும் ஒன்றுதான் என்று அவர் சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வருஷம் முடிந்த பிறகு பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். முடிந்தால் முடிந்ததுதான் என்றாள். சொல்லும்போது அவளே கொஞ்சம் தரையைப் பார்த்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு கேள்வியை மனுஷன் கேட்பானா? ஆனால் அவள் காரணம் சொன்னபோது கேட்டுக்கொண்டேன். எந்த நோவை ஊர் ஜனம் எவ்வளவு பெரிய கஷ்டமாக நினைக்கிறது என்று தெரிந்தால்தான், எந்த மருந்து எவ்வளவு நன்மை செய்கிறது என்று கணக்குப் பார்க்க முடியுமாம். அந்தக் கணக்கையும் பார்த்துத்தான் எந்த மருந்தை அரசாங்கம் வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்கிறார்களாம். ஒருவர் எத்தனை வருஷத்தை விட்டுக்கொடுக்கிறாரோ, அவ்வளவு பெரியது அந்தக் கஷ்டம். கொடூரமான கேள்வி என்று தோன்றியது. கூடவே, ஜனங்கள் என்ன பதில் சொல்வார்கள் என்று பார்க்க ஆசையும் வந்தது. இரண்டாவதுதான் ஜெயித்தது.

ஆரம்பத்தில் ஜார்ஜ் டவுனில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்காரரைப் பிடித்தேன். மத்தியானக் கூட்டம் வடிந்த நேரம். தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கேள்வி பழகுவதற்காக முதலில் பதில் சொல்பவரையே வைத்து ஒன்று கேட்பது வழக்கம். நீங்கள் சக்கர நாற்காலியில் பத்து வருஷம் இருப்பீர்களா, எழுந்து நடமாடிக்கொண்டு குறைவாக இருப்பீர்களா என்று கேட்டேன். மனுஷன் யோசிக்கவே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கறி ஊற்றுகிறவனைக் கத்திக்கொண்டிருக்க முடியாது, நாலு வருஷத்தை எடுத்துக்கொள் என்று பாக்கி சில்லறையைத் தள்ளுவதுபோலத் தள்ளிவிட்டார். சிரித்தார்கூட.

பிறகு பிள்ளை வந்தது. சிரிப்பு நின்றது.

"யார் வீட்டுப் பிள்ளைம்மா இது?" என்றார்.

யார் வீட்டுப் பிள்ளையும் இல்லை, பொதுவாக ஒரு பத்து வயதுப் பிள்ளை என்று பாடம் படித்தபடி சொன்னேன். ஆணா பெண்ணா என்று கேட்டார். அதுவும் கிடையாது என்றேன். அப்படி ஒரு பிள்ளை எங்கே இருக்கிறது என்று திரும்ப என்னையே கேட்டார். அப்புறம் எதைக் காட்டினாலும் பத்து வருஷத்தை விட்டு அவர் இறங்கவில்லை. படுத்த படுக்கை, தாங்க முடியாத வலி என்று திரையில் இருந்தாலும் பத்துதான். தன்னுடையது என்றால் எடுத்துக்கொள்ளலாம், பிள்ளையின் ஆயுசில் கை வைக்கத் தான் யார் என்று கேட்டார். அது மேலே இருக்கிறவன் பொறுப்பு என்று கடைப் பையனை அழைத்து மேசையைத் துடைக்கச் சொல்லிவிட்டார்.

அவர் ஒருவர்தான் என்றால் விட்டிருப்பேன். போன வீட்டில் எல்லாம் இதே கதை. ஆசிரியை, லோரி ஓட்டுகிறவர், வங்கியில் வேலை பார்க்கும் பெண் என்று யாரைக் கேட்டாலும், தங்கள் வருஷத்தை அள்ளிக் கொடுத்தார்கள். பிள்ளை என்றதும் கையை மூடிக்கொண்டார்கள். எனக்கு மண்டை குடைய ஆரம்பித்தது. என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவரும் பத்துதான் என்றார். ஏன் என்றால் தெரியாது. சொல்லக்கூடாதது என்றால் சொல்லக்கூடாது, அவ்வளவுதான் என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். நானே என்ன சொல்வேன் என்று குளிக்கும்போதும் சமைக்கும்போதும் யோசித்துப் பார்த்தேன். எனக்கும் வாய் வரவில்லை.

ஒரு நாள் மேற்பார்வையாளர் கூப்பிட்டாள். நான் எடுத்த நேர்காணல்களில் நிறையப் பேர் ஒன்றுமே விட்டுக்கொடுக்கவில்லையே, கேள்வியைச் சரியாக விளக்குகிறேனா என்று கேட்டாள். சுர்ரென்று ஏறிவிட்டது எனக்கு. வார்த்தைக்கு வார்த்தை எழுதியிருக்கிறபடியே வாசிக்கிறேன், வேண்டுமானால் நீயே வந்து எங்கள் ஆட்களிடம் பிள்ளையின் ஆயுசைப் பேரம் பேசிப் பார் என்று பொரிந்து தள்ளிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்து, நிதானமாக ஒன்றை விளக்கினாள்.

பத்து வருஷத்தில் ஒன்றையும் விடமாட்டேன் என்று ஒருவர் சொன்னால், கணக்கில் அதற்கு ஒரே அர்த்தம்தானாம். அந்த வலியோடு இருப்பதும் முழு ஆரோக்கியமாக இருப்பதும் அவருக்கு ஒன்றே. அப்படியானால் அந்த வலியைப் போக்கும் மருந்தால் பெரிய நன்மை இல்லை. அந்தக் கடைக்காரர் அப்படியா நினைத்தார்? பிள்ளை மேல் இருந்த பாசத்தில் அல்லவா சொன்னார்? அதைத்தான் கேட்டேன். அவளுக்கும் தெரிந்திருந்தது. மற்ற தேசங்களிலும் பிள்ளைகள் விஷயத்தில் ஜனங்களுக்கு இந்தத் தயக்கம் இருக்கிறதாம். ஆனால் மனதில் இருப்பது கணக்கில் ஏறாது, வாயில் வந்ததுதான் ஏறும் என்றாள். இதை யாரிடமும் எடுத்துச் சொல்லவும் கூடாது. சொன்னால் அது அவர்கள் பதில் இல்லை, என் பதில் ஆகிவிடும். அதுவும் நியாயம்தான். நியாயமாக இருந்ததால் திட்டவும் முடியவில்லை.

அதற்குப் பிறகுதான் பாகான் டாலாம் வீடு. சனிக்கிழமை காலை பெர்ரியில் அக்கரைக்குப் போய், அடுக்குமாடி வீட்டின் மூன்றாவது மாடியில் ஏறிக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கணவர் வெளியூர் லோரி ஓட்டுகிறார். இவள் ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறாள். ஹாலில் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாளியில் வெந்நீர், அதற்குள் இரண்டு கையும். முழங்காலில் சுற்றிய துண்டு. மூட்டு வீக்கம் என்றாள் தாய். காலையில் விரல் மடங்காது, கால் ஊன்ற முடியாது, வெயில் ஏற ஏறத்தான் கொஞ்சம் இளகுமாம். பிள்ளைக்கு வயது என்ன என்று கேட்டேன். தாய் பதில் சொல்லவில்லை. ஐந்தாம் வகுப்பு என்று பிள்ளைதான் சொன்னாள்.

நேர்காணல் நடக்கும்போது வேறு ஆள் கூட இருக்கக்கூடாது என்பது விதி. ஆனால் பிள்ளையால் எழுந்து அறைக்குப் போக முடியவில்லை. இருக்கட்டும் என்று, இன்னொருவர் உடன் இருந்தார் என்று குறித்துக்கொண்டேன்.

தாய் ஆய்வு விளக்கத் தாளை முன்பே படித்து வைத்திருந்தாள். அதனால்தான் வரச் சொன்னேன் என்று மறைக்காமல் சொன்னாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஓர் ஊசி மருந்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். போட்டால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப்போல ஓடலாமாம். ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் அது இன்னும் கொடுப்பதில்லை, யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியில் வாங்க இவர்களால் ஆகாது. நான் கேட்கிற கணக்கு அங்கேதானே போகிறது என்று கேட்டாள். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறையப் பேருடைய பதில்களில் உன்னுடையதும் ஒன்றாகச் சேரும், உன் ஒரு பதிலால் ஊசி வந்துவிடாது, நின்றும் போகாது என்று தெளிவாகச் சொன்னேன்.

"பரவால்லக்கா," என்றாள். "இத்தன வருஷமா யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்ல. கேட்கட்டும்லா. நான் சொல்றேன்."

ஆசையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன்னை வைத்துக் கேட்ட கேள்விக்குத் தாராளமாகப் பதில் சொன்னாள். பிறகு பிள்ளைகளின் பகுதி. எந்த வாசகம் யாருக்கு வரும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் எடுக்கும், என் கையில் இல்லை. வந்தது இதுதான். நடக்க மிகவும் கஷ்டம். உடுத்த, குளிக்கக் கொஞ்சம் கஷ்டம். பள்ளிக்கும் விளையாட்டுக்கும் தடை. வலி அதிகம். கொஞ்சம் கவலை. வாளியில் கையை விட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்து எழுதியதுபோல இருந்தது. விதிப்படி வாசித்தேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

ஒன்பது வருஷம் முழு ஆரோக்கியம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பாய் என்று கேட்டேன். பத்து வருஷமே இருக்கட்டும் என்றாள். ஒன்பதரை? அதுவும் வேண்டாம். நன்றாக யோசித்துத்தான் சொல்கிறாயா என்று ஒரு முறை கேட்க அனுமதி உண்டு. கேட்டேன்.

அப்போதுதான் அவள் சொன்னாள். பிள்ளை சின்ன வயதில் காய்ச்சல் விடாமல் அடித்து, பிழைக்குமோ பிழைக்காதோ என்று கிடந்தபோது, மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் விற்றுவிட்டார்களாம். எனக்கு இது புதிதில்லை. எங்கள் சொந்தத்திலேயே செய்திருக்கிறார்கள். நோஞ்சானாகக் கிடக்கிற பிள்ளையைச் சாமி காலடியில் போட்டு, இது இனி உன் பிள்ளை என்று கொடுத்துவிடுவார்கள். பிறகு வேறு யாராவது ஒருவர் ஒரு கைப்பிடித் தவிடு கொடுத்து, வளர்ப்பதற்கென்று வாங்கிக்கொண்டு வந்து தாயிடம் தருவார்கள். இவள் வீட்டில் நாத்தனார்தான் வாங்கியிருக்கிறாள். தவிட்டுக்கு எங்கெங்கோ அலைந்து, கடைசியில் கோழித் தீனி விற்கும் சீனர் கடையில் கிடைத்ததாம். அதைச் சொல்லும்போது தாயும் மகளும் சேர்ந்து சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"அன்னையிலேர்ந்து அவ அம்மனோட பிள்ளைக்கா. நான் வளக்கிறவ, அவ்வளவுதான். அவ வயசையோ ஆயுசையோ நான் வாயால எண்ணக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. பொறந்த நாளுக்கு ஒரு கேக்குகூட வெட்டினதில்ல."

அட, இதுதானா! எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்கு ஒருத்தி வாயைத் திறந்து காரணம் சொல்லிவிட்டாள். மறுகணமே அந்தச் சந்தோஷம் செத்துப்போனது. திரையில் இருந்தது பத்து என்ற எண் மட்டும்தான். அங்கே அம்மனும் இல்லை, தவிடும் இல்லை. இந்தப் பிள்ளையின் வலி ஒரு வலியே இல்லை என்று பெற்றவளே சொன்னதாகத்தான் அது போய்ச் சேரும். ஊசிக்காக என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தவள், ஊசி வேண்டாம் என்பதற்குச் சமமான பதிலைச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. கேள்வி மேல் கோபம், அந்தப் பொறுமைசாலிப் பெண் மேல் கோபம், இவள் மேலும் கோபம். பல்லைக் கடித்துக்கொண்டு, அடுத்ததற்குப் போகலாமா என்று கேட்டேன்.

"அம்மா," என்றாள் பிள்ளை. வாளியிலிருந்து கையை எடுத்திருந்தாள். "நீ ஒண்ணுமே குடுக்கலன்னா, எனக்கு ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும்."

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று தாய் அடக்கினாள். பிள்ளை கேட்கிற ரகமாகத் தெரியவில்லை.

"நல்லா இருக்கிறதும் இப்படி இருக்கிறதும் ஒண்ணுதான்னு நீ சொல்ற. ஒண்ணுதான்னா எதுக்கு எனக்கு ஊசி குடுப்பாங்க?"

கோபமாகச் சொல்லவில்லை. வீட்டுப் பாடத்தில் கூட்டல் தப்பு என்று காட்டுகிற குரலில் சொன்னாள். நான் இத்தனை வயதில் கோப்பி குடித்துக்கொண்டு இன்னொருத்தி விளக்கித் தெரிந்துகொண்டதை, இந்தப் பிள்ளை சும்மா கேட்டுக்கொண்டிருந்தே பிடித்துவிட்டது. தாய் என் பக்கம் திரும்பினாள்.

"அப்படியாக்கா?"

நான் எதுவும் சொல்லக்கூடாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் என் முகத்தை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு மகளின் விரல்களைத் துண்டால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். வெந்நீரில் ஊறியும் வீக்கம் அப்படியேதான் இருந்தது. துடைத்து முடித்துவிட்டு, அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்க முடியுமா என்று கேட்டாள். அடுத்ததற்குப் போகாதவரை பதிலை மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. முடியும் என்றேன்.

முதலிலிருந்து தொடங்கினேன். பத்து வருஷம் இப்படி, ஒன்பது வருஷம் ஆரோக்கியமாக. எது?

அவள் உதடு மட்டும் அசைந்தது. சத்தமாகச் சொல்ல வேண்டும் என்றேன். எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

"நல்லா இருக்கிறது."

எட்டு என்றேன். நல்லா இருக்கிறது என்றாள். ஒரு கையால் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் வயதைக்கூட வாயால் சொல்லாதவள், என் கண் முன்னே ஒவ்வொரு வருஷமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஊசிக்காகத்தான் எடுத்து வைத்தாள். அது கிடைக்குமா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஏழு என்று கேட்டேன்.

"ரெண்டும் ஒண்ணு," என்றாள். "போதும்க்கா. இதுக்கு மேல என்னைக் கேட்காதீங்க."

ஏழு என்று பதிந்துகொண்டேன். அவள் எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. ஒரு முறை கொப்பளித்தால் போதாதா? மறுபடி மறுபடி கொப்பளித்துக்கொண்டே இருந்தாள். நான் திரையைப் பார்ப்பதுபோலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிள்ளை என்னைக் கூப்பிட்டாள். மெதுவாகத்தான் கூப்பிட்டாள்.

"ஆண்டி. நானா இருந்தா நாலுலதான் நிறுத்தியிருப்பேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் சமையற்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

குழாய்ச் சத்தம் நின்றது. சொல்லமாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். தாய் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், அடுத்த பிள்ளையைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.